லோகுவின் முப்பத்து நான்கு டின்கள்

நவம்பர் 9

காலையில் லோகநாயகி வந்திருந்தாள். எங்கள் வீட்டுக்குக் கீழே சரிவில் உள்ள தொழிலாளர் லைன் வீடுகளில் மூன்றாவது அவளுடையது. ஊட்டி ஏரிப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் தோட்ட வேலை செய்கிறாள். புருஷன் பொன்னுரங்கம் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தவர். மூன்று மாதமாக நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று வீட்டோடு இருக்கிறார். இதயத்தில் அறுவை சிகிச்சை செய்யக் கோயம்புத்தூரில் நாள் குறித்துவிட்டார்களாம். அதற்குப் பிறகும் பனி முடியும்வரை மலை ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அங்கே அவளுடைய அக்கா வீட்டில் தங்கிவிட்டு பிப்ரவரி கடைசியில்தான் திரும்புவார்கள்.

அவள் கேட்க வந்தது செடிகளுக்காக. பெயின்ட் டின், எண்ணெய் டின், பிடி உடைந்த வாளி என்று மொத்தம் முப்பத்து நான்கு. எல்லாம் பல வருடம் வாழும் பூச்செடிகள். குளிரில் மேலே காய்ந்து, வெயில் வந்ததும் அடியிலிருந்து மறுபடி துளிர்ப்பவை. இந்தப் பனிக்காலத்துக்கு மட்டும் நான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"உங்க கை தோட்டப் போட்டியில கப்பு வாங்கின கை டீச்சர். உங்ககிட்ட விட்டுட்டுப் போனா எனக்கு அந்தக் கவலையாவது இருக்காது" என்றாள்.

சரி என்றேன். வேறென்ன சொல்வது. என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி படிக்கப் போய்விட்டார்.

நவம்பர் 11

லோகுவும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து டின்களை மேலே கொண்டுவந்தார்கள். நீல லில்லி பன்னிரண்டு, டேலியா பத்து, வெள்ளை டெய்சி பன்னிரண்டு. சமையலறைப் பின்சுவரை ஒட்டிப் பலகை போட்டு, அதன்மேல் ஒன்றோடொன்று உரசும்படி நெருக்கி வைத்தாள். சிமென்ட் தரையில் வைத்தால் டின்னுக்குள் வேர் குளிர்ந்துவிடுமாம். மண்ணில் இருக்கும் செடிக்கு மண்ணே போர்வை, டின்னில் இருப்பதற்கு அது கிடையாது என்றாள்.

காய்ந்த தண்டை வெட்டக் கூடாது. மாசி பிறக்கும்வரை உரம் கூடாது. வாரம் ஒருமுறை, வெயில் ஏறிய பிறகு, அரை டம்ளர் தண்ணீர். சாயங்காலம் மிலார் போட்டு மூட வேண்டும் (துடைப்பத்துக்குக் கட்டுவார்களே, அந்தக் குச்சிதான்). மீறிப் பனி படிந்துவிட்டால் வெயில் படுவதற்கு முன் தண்ணீர் தெளித்துக் கழுவ வேண்டும்.

"செத்த மாதிரிதான் தெரியும் டீச்சர். சாகல, தூங்குது. எழுப்பி மட்டும் விட்டுடாதீங்க" என்றவள், யாரிடம் சொல்கிறோம் என்று நினைவு வந்தவளாக, உங்களுக்குத் தெரியாததா என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவள் போனதும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்தேன். பழைய பழக்கம்.

நவம்பர் 12

காலை ஆறரை மணி பஸ்ஸில் போனார்கள். மழை.

நவம்பர் 21

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று லோகு போன் செய்தாள். அடுத்த வாக்கியமே செடி எப்படி என்பதுதான். வைத்தது வைத்தபடி இருக்கிறது என்றேன். அது உண்மை.

நவம்பர் 27

மலர்ச் சங்கத்தின் செயலாளர் கிரேஸ்லின் அம்மாள் சர்ச் வாசலில் பிடித்துக்கொண்டார். இந்த வருடம் கப்பு வாங்கிய தோட்டத்தை டிசம்பர் எட்டாம் தேதி உறுப்பினர்கள் வந்து பார்க்க ஆசைப்படுகிறார்களாம். இது பூக்கும் காலம் இல்லையே என்று சொல்லிப் பார்த்தேன். பனிக்காலத்தில் ஒரு நல்ல தோட்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் என்றார்.

வாசல் பாத்திகளில் இப்போது ஒன்றும் இல்லை. ஜூன் மழையில் எல்லாம் போய்விட்டது.

நவம்பர் 28

யோசித்துப் பார்த்தால் அந்த டின்களுக்கு வாசல்தான் நல்ல இடம். லோகுவின் வீடு பள்ளத்தில் இருக்கிறது, பனி அங்கேதான் தேங்கும். நாங்கள் மேட்டில் இருக்கிறோம், அவள் சொன்ன கட்டுப்பாடெல்லாம் இங்கே தேவைப்படாது. இருபத்தைந்து டின்களை வாசல் படிகளில் வரிசையாக வைத்தேன். மீதி ஒன்பது மிகவும் நசுங்கியவை, பார்க்க நன்றாக இல்லை. அவை பின்னாலேயே இருக்கட்டும்.

காய்ந்த தண்டுகளோடு அவற்றை வாசலில் வைக்க முடியவில்லை. ஒட்ட நறுக்கிவிட்டேன். கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஒவ்வொன்றுக்கும் ஒரு குவளை. அந்தப் பெண் வெட்ட வேண்டாம் என்று சொன்னதே என்றார் அவர். எனக்குத் தெரியும் என்றேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற அளவுக்கு நான் கத்தியிருக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 4

ஒரு வாரமாக இதமான வெயில். எல்லா டின்னிலும் துளிர்! டேலியா விரற்கடை உயரம் வந்துவிட்டது. டெய்சி இலைகள் அவ்வளவு பச்சை. என் கையும் மோசமான கை இல்லை.

டின்களில் எண்ணெய்க் கம்பெனிப் பெயர்கள் அசிங்கமாகத் தெரிந்தன. பச்சை பெயின்ட் வாங்கி எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி அடித்தேன். லோகு வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாள்.

டிசம்பர் 8

பத்துப் பேர் வந்தார்கள். டீயும் வாழைக்காய் பஜ்ஜியும். ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும்போது இந்தப் படியில் மட்டும் எப்படி இந்தப் பச்சை என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். இதெல்லாம் உங்கள் கைவண்ணமா என்று கிரேஸ்லின் அம்மாள் கேட்டபோது நான் சிரித்தேன். ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இதை இங்கே குறித்து வைக்கிறேன்.

ஜனவரிக் கூட்டத்தில் பனியிலிருந்து செடிகளைக் காப்பது பற்றி நான் பேச வேண்டுமாம். ஒப்புக்கொண்டேன்.

அவர் சமையலறையை விட்டு வெளியே வரவேயில்லை.

டிசம்பர் 15

மேகம் கலைந்து வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது நேற்று. இப்படி வானம் தெளிந்தால் மறுநாள் உறைபனி என்பது இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மிலார் வெட்டிக்கொண்டுவர ஆள் சொல்லவில்லை. சாக்கு போடலாம் என்று நினைத்தேன். பாடகர் குழு ஒத்திகைக்குப் போய்விட்டு வந்து மறந்துவிட்டேன்.

காலையில் புல்வெளி உப்பு கொட்டியது போல வெள்ளை. படிகளில் துளிர்கள் கண்ணாடி மாதிரி விறைத்து நின்றன. வெந்நீர் போட்டுக் குளித்து, ஜெபம் முடித்து வருவதற்குள் வெயில் வந்துவிட்டது. ஒன்பது மணிக்கு எல்லாம் கறுத்துத் துவண்டு கிடந்தன. கீரையைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்த மாதிரி.

டிசம்பர் 16

இன்றும்.

டிசம்பர் 18

லோகு போன் செய்தாள். பொன்னுரங்கத்துக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துவிட்டதாம். மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாள். நாலு நாளாக வாயில் ஒன்றும் வைக்க மாட்டேன் என்கிறார், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்றாள். செடி எப்படி டீச்சர் என்று கேட்டாள். நல்லா இருக்கு என்றேன்.

அவர்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று போனைப் பொன்னுரங்கத்திடம் கொடுத்துவிட்டாள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "உங்க நீல லில்லி மொட்டு விட்டிருக்குங்க" என்றேன்.

 "மொட்டா" என்றார். குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. ஆமாம், ரெண்டு டின்னில் என்றேன்.

லோகு போனைத் திரும்ப வாங்கினாள்.  "அப்படியா டீச்சர். சரி" என்று வைத்துவிட்டாள்.

ஒரு நோயாளிக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னதில் தப்பில்லை.

டிசம்பர் 25

ஆராதனை முடிந்து வந்ததும் போன். பொன்னுரங்கம் சீக்கிரம் உட்கார ஆரம்பித்துவிட்டாராம். அவரே பேசினார். மொட்டு விரிந்துவிட்டதா என்று கேட்டார். மூன்று பூ என்றேன். நீலம் நல்ல அடர்த்தியா, வெளிறினதா என்றார். அடர்த்தி என்றேன்.

கேக்கை வெட்டி வைத்தேன், சாப்பிடவில்லை. சர்க்கரை என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 3

டேலியா டின் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தேன். கிழங்கு அழுகிய உருளைக்கிழங்கு போல விரலில் ஒட்டியது. மற்றவற்றையும் பார்த்தேன். வாசலில் வைத்த எட்டு டேலியாவும் அப்படியே. டெய்சி ஒன்பதில் எட்டு போய்விட்டன. லில்லி எட்டில் மூன்றுக்கு உயிர் இருக்கலாம், எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அவருக்குத் தெரியாமல் குழி வெட்டிக் கொட்டப் போனேன். அவர் வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசாமல் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 12

சங்கக் கூட்டத்தில் பேசினேன். நாற்பது பேர் இருந்தார்கள். எதைப் பேசுவது என்று தேடியதில் நவம்பரில் எழுதிவைத்த தாள்தான் கிடைத்தது. அதையே படித்தேன். வெட்டாதீர்கள், உரம் வைக்காதீர்கள், டின்னைப் பலகைமேல் நெருக்கி வையுங்கள், மிலார் போடுங்கள், செத்த மாதிரி தெரியும், சாகவில்லை, தூங்குகிறது, எழுப்பிவிடாதீர்கள். அந்தக் கடைசி வரிக்குக் கை தட்டினார்கள். டீச்சருக்கு என்ன அனுபவம் பாருங்கள் என்று யாரோ பின்னால் சொன்னது கேட்டது.

கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, நான் உங்களிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்தவள் டீச்சர், அப்போதே நீங்கள் அப்படித்தான், ஒரு வார்த்தை வீணாகப் பேச மாட்டீர்கள் என்றாள்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தேன்.

ஜனவரி 13

இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை. இதிலும் நான் எதற்குப் பொய் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

போன வருடம் ஏப்ரலில் ஆலங்கட்டி மழை பெய்து தோட்டம் நாசமானது. அதுவரை அது என் தோட்டம்தான். போட்டிக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது, நடுவர்கள் வர நாலு நாள். குன்னூர் நர்சரி ஒன்றில் நூற்றிருபது பூத்த தொட்டிகளை வாடகைக்கு எடுத்து, தொட்டியோடு மண்ணில் புதைத்து, விளிம்பு தெரியாமல் பாசி போட்டு மூடினேன். இது அவருடைய யோசனை என்று போன வருட நோட்டில் எழுதியிருக்கிறேன். இல்லை. அவர் வண்டி ஓட்டினார், அவ்வளவுதான். வேண்டாம் ரூபா என்று என் பெயரைச் சொல்லி இரண்டு முறை தடுத்தார். கப்பு வாங்கிய மறுநாள் தொட்டிகளைப் பிடுங்கித் திருப்பி அனுப்பினேன். ஜூன் மழையில் போக அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

முப்பத்தொரு வருடம் பரீட்சை அறைகளில் நின்றிருக்கிறேன். காப்பி அடித்த பிள்ளைகளின் தாளைப் பிடுங்கும்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு தெருவில் யாரும் நின்று வணக்கம் சொல்வதில்லை. கப்பு வாங்கிய பிறகு சொன்னார்கள்.

அந்த வருடம் இரண்டாம் பரிசு லோகநாயகிக்கு. டின் செடிகளுக்காக.

ஜனவரி 22

லோகு வருவதற்குள் அதே செடிகளை வாங்கி டின்களில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். குன்னூர் வரை வண்டி எடுக்கச் சொன்னேன்.

"இந்தத் தடவை நான் வரல ரூபா" என்றார். நாற்பது வருடத்தில் என்னிடம் அவர் வரவில்லை என்று சொன்னது இதுதான் முதல் முறை.

பஸ்ஸில் போனேன். நர்சரிக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, போன வருஷம் மாதிரி வாடகைக்கா டீச்சர், இந்தத் தடவை எத்தனை நாளைக்கு என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு நான் அப்படிப்பட்ட ஒரு வாடிக்கையாளர், அவ்வளவே. கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பவே முடியவில்லை.

வெறுங்கையோடு திரும்பினேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 30

பின்சுவரில் விட்ட ஒன்பது டின்களை ஞாபகம் வந்து போய்ப் பார்த்தேன். இரண்டு மாதமாக அந்தப் பக்கமே போகவில்லை. அவற்றின்மேல் மிலார் போட்டிருந்தது. அவர்தான் தினமும் சாயங்காலம் போட்டுக் காலையில் எடுத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

நசுங்கிய டின்கள். காய்ந்த தண்டுகள் அப்படியே நிற்கின்றன. அடியில் விரலால் கிளறினால் ஒன்பதிலும் வெளிர்ப் பச்சையாக ஒரு நுனி இருக்கிறது. கிளறிய மண்ணைப் பயந்துபோய் மூடிவிட்டேன்.

பிப்ரவரி 10

லோகுவின் போனை எடுக்கவில்லை. நேற்றும் எடுக்கவில்லை. அவர் எடுத்துப் பேசினார். பொன்னுரங்கம் நன்றாக நடக்கிறாராம், நாளும் ரெண்டு வேளை சாப்பிடுகிறாராம், லில்லியைப் பார்க்க வேண்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாராம்.

பிப்ரவரி 24

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். லோகு மட்டும் வருவாள் என்று நினைத்திருந்தேன். பொன்னுரங்கம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, நாலு அடிக்கு ஒருமுறை நின்று நின்று சரிவில் ஏறி வந்தார். பாதி ஆளாகியிருந்தார். சட்டை தோளில் தொங்கியது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார். பொன்னுரங்கம் உட்கார்ந்து, மூச்சு அடங்கியதும், படியில் வரிசையாக இருந்த பச்சை டின்களைப் பார்த்தார். வெறும் மண்.

"டீச்சர், அந்த நீலப் பூ எதுல வந்துச்சு?" என்றார்.

நான் லோகுவைப் பார்த்தேன். அவள் டின்களைப் பார்க்கவில்லை. வந்ததிலிருந்து என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது வாடிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பூ என்றால் வாடத்தானே செய்யும். அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது.

"பூக்கலைங்க. மொட்டும் வரல. நான் பொய் சொன்னேன்" என்றேன்.

பொன்னுரங்கத்துக்குப் புரியவில்லை. லோகுவைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம், "அப்ப அந்த மூணு பூ?" என்றார். அதுவும் பொய்தான் என்றேன். வெட்டியது, உரம் வைத்தது, வாசலில் கொண்டுவந்து வைத்தது, சங்கத்தாரிடம் என்னுடையது போலக் காட்டியது, மூடாமல் விட்டது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது நின்றுகொண்டே இருந்தேன். எத்தனையோ பிள்ளைகள் என் முன்னால் அப்படி நின்றிருக்கிறார்கள்.

பொன்னுரங்கம் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லோகுதான் பேசினாள். சத்தமே இல்லாமல் பேசினாள்.

"மார்கழியில லில்லி மொட்டு விடாதுன்னு எனக்குத் தெரியாதா டீச்சர். நீங்க சொன்ன அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு, செடி போச்சுன்னு. ஆனா அன்னிக்கு இவரு எந்திரிச்சு உட்கார்ந்து ஏழு வாய் கஞ்சி குடிச்சாரு. அதான் பேசாம இருந்தேன்."

உள்ளே போய்க் கப்பை எடுத்து வந்தேன். இது உன்னுடையது என்று சொல்லி, போன வருடம் நான் செய்ததையும் சொன்னேன். அதுவரை அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"செடி சாகுறது பெருசில்ல. எல்லாப் பனிக்கும் நாலு சாகும். போன வருஷம் இவரு சொன்னாரு, மதில் கட்டின வீட்டுக்குத்தான் கப்பு குடுப்பாங்கன்னு. நான் இவர்கூட ரெண்டு நாள் பேசல. டீச்சர் உழைச்சு வாங்கினாங்க, அப்படிச் சொல்லாதன்னு" என்றாள்.

கப்பை வாங்கிக்கொள்ளவில்லை. டின்களைத் தானே கீழே கொண்டுபோனாள். அவர் உதவப் போனதற்கு வேண்டாம் சார் என்றுவிட்டாள். பதினேழு நடை நடந்தாள், ஒவ்வொரு நடைக்கும் இரண்டு. பொன்னுரங்கம் அவ்வளவு நேரமும் எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

மார்ச் 5

கிரேஸ்லின் அம்மாள் வீட்டுக்குப் போய்ச் சொல்லி, கப்பை மேசையில் வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நடந்தது நடந்துவிட்டது, இந்த வருடம் போட்டியில் சேராமல் இருந்துவிடுங்கள், வெளியே சொன்னால் சங்கத்தின் பெயர்தான் கெடும், நடுவர்களுக்கும் அவமானம் என்றார். கப்பைத் துணிப்பையில் போட்டு என் கையிலேயே திரும்பக் கொடுத்தார்.

நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுத வேண்டும் அல்லவா.

மார்ச் 19

லோகு காலை ஏழரைக்கு எங்கள் வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போகிறாள். வேறு வழி கிடையாது. முன்பெல்லாம் வணக்கம் டீச்சர் என்று சொல்லாமல் போக மாட்டாள். இப்போது சாலையைப் பார்த்தபடி போகிறாள். ஏழு இருபத்தைந்துக்கு நான் உள்ளே போய்விடுகிறேன்.

ஏப்ரல் 2

இந்த வருடப் போட்டிப் பட்டியல் சங்கப் பலகையில் ஒட்டியிருக்கிறது. லோகநாயகியின் பெயர் இல்லை. ஏன் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 6

இன்று ஆண்டுக் கூட்டம். பேசப் போகிறேன் என்று அவரிடம் மட்டும் சொன்னேன். பேன்ட் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார். சங்கக் கூட்டத்துக்கு அவர் வந்ததே கிடையாது.

வரவேற்புரை முடிந்ததும் எழுந்து நின்றேன். அறிக்கைக்குப் பிறகு பேசலாமே என்று கிரேஸ்லின் அம்மாள் சொல்லிப் பார்த்தார். இப்போதே பேசிவிடுகிறேன் என்றேன். எழுதிக்கொண்டு போகவில்லை. போன வருடக் கப்பு வாடகைத் தொட்டிகளுக்குக் கிடைத்தது. டிசம்பரில் என் படியில் நீங்கள் பார்த்த செடிகள் லோகநாயகியுடையவை. ஜனவரியில் நான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அவளுடையது. அவள் சொன்னதைக் கேட்காமல் அந்தச் செடிகளில் பெரும்பாலானவற்றை நான்தான் கொன்றேன். இவ்வளவுதான் சொன்னேன். உட்காரும்போது நாற்காலி எங்கே என்று கையால் தேட வேண்டியிருந்தது.

ஒருவர் சால்வையைச் சரி செய்தார். என்னிடம் கணக்குப் படித்த அந்தப் பெண் மூன்றாம் வரிசையில் இருந்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு ஏன் வெட்கம் என்று நினைத்தேன். பிறகு புரிந்தது, அது எனக்காக.

கப்பை லோகநாயகிக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். அதற்கு விதிமுறையில் இடமில்லை, நிர்வாகக் குழு கூடித்தான் முடிவு செய்யும் என்றார்கள். திரும்பி நடந்தே வந்தோம். அவர் என் பையை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 20

குழு முடிவு செய்துவிட்டது. வெற்றியாளர் பலகையில் போன வருடத்துக்கு எதிரே என் பெயரை வெள்ளை பெயின்ட் வைத்து அழித்திருக்கிறார்கள். அங்கே வேறு பெயர் எழுதவில்லை. கப்பு சங்கத்து அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது.

இதை லோகுவிடம் நானே சொல்ல வேண்டும் என்று முதல் முறையாகக் கீழே போனேன். அவள் வேலையிலிருந்து வரவில்லை. பொன்னுரங்கம் இருந்தார். சொன்னதைக் கேட்டுக்கொண்டார். அவகிட்ட சொல்றேன் என்றார். உட்காரச் சொன்னார். என்னால் உட்கார முடியவில்லை.

அவர்கள் வாசலில் பச்சை டின்களும் நசுங்கிய அந்த ஒன்பதும் பலகைமேல் நெருக்கமாக இருந்தன. பன்னிரண்டு டின்னில் செடி நிற்கிறது. மற்றவற்றில் கொத்தமல்லி போட்டிருக்கிறாள்.

மே 3

சர்ச் தோட்டக்காரர் டெய்சிச் செடிகளைப் பிரித்து, மிஞ்சிய வேர்த்துண்டுகளை வேலியோரம் போட்டிருந்தார். கேட்டு வாங்கி வந்தேன். இருபது துண்டு. சங்கத்திலிருந்து இப்போது யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை. வாசல் பாத்தியைக் கொத்த ஆரம்பித்திருக்கிறேன். முட்டி வலிக்கிறது.

மே 5

காலையில் பாத்தியில் உட்கார்ந்து நட்டுக்கொண்டிருந்தேன். மணி பார்க்க மறந்துவிட்டேன். காலடிச் சத்தம் கேட்டபோதுதான் ஏழரை ஆகிவிட்டது தெரிந்தது. உள்ளே ஓட முடியாது, முட்டியை ஊன்றி எழவே ஒரு நிமிடம் ஆகும். தலையைக் குனிந்துகொண்டு மண்ணை அமுக்கினேன்.

காலடி கடந்து போனது. பிறகு நின்றது.

"அவ்ளோ ஆழமா வைக்காதீங்க" என்றாள் லோகு. "தலை மண்ணுக்கு மேல இருக்கணும். இல்லாட்டி குளிருல அழுகிடும்."

நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். டீச்சர் என்று சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

அதுவரை பதினான்கு நட்டிருந்தேன். பதினான்கையும் பிடுங்கி, மேலே தூக்கி, மறுபடி வைத்தேன். முடிக்கப் பத்து மணி ஆனது.